முதல் ஆண்டு அறிக்கை

படிவத்தில் நாலு வரிக்குத்தான் இடம்.
"மாணவரின் முன்னேற்றம்" என்று போட்டிருக்கிறது.
மாணவர் சோபாவுக்கு அடியில் படுத்திருக்கிறார்.
எறும்பு எங்கே போகிறது என்று பார்க்கிறாராம்.

ஜனவரி இரண்டாம் தேதி
நான் ஒரு பள்ளிக்கூடமே திறந்தேன்.
சாப்பாட்டு மேசைக்குப் புது விரிப்பு,
சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டவணை,
ஏழரைக்குக் கைப்பேசியில் மணி.
எதிர்ப் பள்ளியின் கொடியேற்றப் பாட்டு
ஒன்பதாம் மாடிக்கு வந்து சேர
நாங்களும் எழுந்து நின்றோம்,
நான் இஸ்திரி போட்ட சுடிதாரில்,
நிதிலன் ஜட்டியோடு.

எட்டு மணி தமிழ். எட்டே முக்கால் கணக்கு.
ஒன்பதரைக்கு இடைவேளை, பத்தே நிமிடம்.
பத்தரைக்கு நான் கழிவறையில்
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
அது அட்டவணையில் இல்லை.

துவாஸ் கிடங்கில் பதினோரு வருடம்
கப்பல் பெட்டிகளை நேரம் தப்பாமல்
ஏற்றி இறக்கியவள் நான்.
ஒரு ஏழு வயதை
எட்டு மணிக்கு நாற்காலியில் ஏற்ற முடியவில்லை.

மின்தூக்கியில் மேடம் குவா தினமும் கேட்பார்:
"இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?"
முதல் மாதம் விளக்கினேன்,
அமைச்சின் அனுமதிக் கடிதத் தேதி வரைக்கும்.
மார்ச்சில் "இருமல்" என்றேன்.
ஜூலையில் அவர் கேட்பதை விட்டுவிட்டார்.
எனக்கு ஏனோ அது வருத்தமாக இருந்தது.

பார்த்திபனுக்கும் ஒரே கேள்விதான்,
வேலையிலிருந்து வந்ததும்: "எத்தனை பக்கம்?"
மே மாதத்தில் ஒருநாள்
"பக்கமே இல்லை" என்றேன்.
அன்றைக்குக் காலுறையைக் கழற்ற
அவருக்கு வெகு நேரம் ஆனது.

மழைக்காற்றின் ஈரத்தில் அட்டவணை
ஒரு மூலையிலிருந்து உரிந்து விழுந்தது.
ஒட்டினேன். விழுந்தது.
மூன்றாம் முறை எடுத்துப் பார்த்தால்
அதன் முதுகில், மார்க்கரில்,
அறுபத்தேழாம் எண் பேருந்து நிற்கும்
அத்தனை நிறுத்தமும்.
தேக்கா வரும் இடத்தில் ஒரு தோசை.
நான் திருப்பி மாட்டவில்லை.

அணில் ஆடு இலை என்று
நான் ராத்திரியெல்லாம் வெட்டிய அட்டைகளில்
அவன் கார் நிறுத்துமிடம் கட்டினான், நான்கு மாடி.
ஐந்து மாதம் ஓர் எழுத்துக்கும் வாய் திறக்கவில்லை.

செப்டம்பரில், சந்தைக்குப் போகிற வழியில்,
சுவா சூ காங் ரயில் பாதை வேலை நடக்கிற
வேலியோரம் நின்றுவிட்டான்.
மஞ்சள் பலகை. நான்கு மொழி.
விரல் காற்றில் ஊர்ந்தது.
அ... பா... யம்.
வி... ல... கி... நில்... லுங்... கள்.

கையில் மீன் பையோடு
நான் ஓரடி பின்னால் போனேன்.
அவன் மறுபடி முதலிலிருந்து படித்தான்,
இன்னும் சத்தமாக.
கிரேனில் இருந்தவர் கையசைத்தார்.

ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரவில்லை.
எழுத்து இடப்பக்கம் சாய்கிறது.
ஆறாம் ஆண்டில் ஒரு தேர்வு இருக்கிறது;
இரவு மூன்று மணிக்கு வந்து
என் நெஞ்சில் ஏறி உட்காரும்.
இப்போதெல்லாம் வாரம் ஒரு முறைதான் வருகிறது.

பாலர் பள்ளிக் காலத்து வயிற்றுவலி,
ஞாயிறு இரவானால் அவனைச் சுருட்டிப் போடுமே,
அது கடைசியாக எப்போது வந்தது?
நாட்காட்டியைப் புரட்டினேன்.
குறித்து வைக்கவில்லை.
எதை நிறுத்தத்தான் இதையெல்லாம் தொடங்கினோமோ
அது நின்ற நாளை
நான் கணக்கு எழுதாமல் விட்டிருக்கிறேன்.

படிவத்தில் எழுதினேன்:
தமிழில் அறிவிப்புப் பலகைகளை வாசிக்கிறான்.
அடித்தேன். மறுபடி அதையே எழுதினேன்.

சோபாவுக்கு அடியிலிருந்து மாணவர் கூப்பிடுகிறார்.
எறும்பு சுவருக்குள்ளேயே போய்விட்டதாம்,
ஒரு சோற்றுப் பருக்கையோடு.
குனிந்தால் முட்டி வலிக்கிறது.
தரை நல்ல குளிர்ச்சி.
படிவத்தில் இன்னும்
இரண்டு வரி காலியாகத்தான் கிடக்கிறது.